கோந்து விட்ட ஐந்து அடி

ஹீத் பெட்செலை எங்கள் யாராபின் ஊர் ஃபுட்பால் கிளப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோந்து, அவ்வளவுதான். அவன் மனைவி மெலிசாகூட கோபம் வந்தால் மட்டுமே ஹீத் என்பாள். எதிரணியில் ஒருவனைக் காட்டி "இவன் உன் ஆள்" என்று சொல்லிவிட்டால் போதும், ஆட்டத்தின் நான்கு பகுதியும், அதாவது நான்கு குவார்ட்டரும், அவனோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். பதினாலு வருடமாக எங்கள் கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசி ஆள் அவன்தான். அந்த இடத்துக்கு ஃபுல் பேக் என்று பெயர். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அவனைப் பெரிய வீரன் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. கேலிக்குச் சொல்லவில்லை, அவனே என்னிடம் ஒப்புக்கொண்டது இது. ஆட்டத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவான். பதினாலு வருடமும் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

நான் ரஸ். அந்த அணியின் ரன்னர். கோச் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதை மைதானத்துக்குள் ஓடிப்போய் ஆட்டக்காரன் காதில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருவது என் வேலை. கண்ணைப் பறிக்கும் பச்சைச் சட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு, ஒன்பது வருடமாக ஓடுகிறேன். மற்ற நாட்களில் லாரி ஓட்டுகிறேன். அறுவடைக் காலத்தில் கோதுமை, மற்ற மாதங்களில் வைக்கோல்.

கோந்துக்கு வேலை ஊர்க் கோடியில் இருக்கும் தானியக் கிடங்கில். வந்து நிற்கும் லாரிகளில் நீளமான குழாயை இறக்கி, மாதிரி எடுத்து, ஈரப்பதம் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பான். ஒரு தடவை வரிசை நகரவே இல்லை. என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே சொன்னான்.

"எனக்கு எந்நேரமும் பயம் ரஸ்."

"கெல் ட்ரேயர் மாதிரி எதிராளி வந்து முட்டினா யாருக்குத்தான் பயமா இருக்காது?"

"முட்டுறதுக்கு இல்ல. ஆள் பக்கத்துல இருந்தா எனக்கு எல்லாம் தெரியும். எந்தக் கால்ல ஊனி ஓடப்போறான், எப்ப குதிக்கப்போறான், எல்லாம். குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பான். எல்லாப் பயலுக்கும் ஒரு மூச்சு உண்டு. அதைக் கேட்டுட்டே நிப்பேன். தள்ளி நின்னேன்னா ஒண்ணும் தெரியாது. தெரியாததுதான் பயம்."

அதனால்தான் வியாழக்கிழமைச் சாயங்காலம் அவனுக்குப் பெரிய விஷயம். அன்றைக்குத்தான் பயிற்சி முடிந்ததும் கிளப் அறையில் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை ஒட்டுவார்கள். எங்கள் பெயர்கள் சிவப்பு, எதிரணி நீலம். ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் ஒரு நீலம். கோந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன் தன் சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நீலத்தைப் படிப்பான். அதற்குப் பிறகுதான் கிளப்பில் போடும் கறிச் சாப்பாட்டில் கை வைப்பான்.

கெல் ட்ரேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டன்கெல் ஊர்க்காரன், ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். நூற்றுப் பத்து கிலோ எடை, ஊருக்குப் பங்கு வைக்கும் அளவுக்கு வாய். அவர்களுக்குக் கோல் அடிக்கும் ஆள் அவன்தான். அவனும் கோந்தும் பதினோரு வருடமாக வருடத்துக்கு இரண்டு தடவை, முழங்கை இடிக்க இடிக்கப் பக்கத்தில் நின்றவர்கள். பந்து மறுகோடியில் இருக்கும்போது கெல் ஓயாமல் பேசுவான். ஆட்டு விலை, மச்சினன் கல்யாணம், கோந்தின் மூக்கு. கோந்து ஓர் அடி விலகினால் போதும், "என்னடா, பொண்டாட்டிகிட்ட ஓடுறியா?" என்று பின்னாலிருந்து கேட்பான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் கெல் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். "போச்சுடா கோந்து, நரம்பு அறுந்துருச்சு" என்று முனகினான். இவன் இரக்கப்பட்டு, முதலுதவி ஆட்களைக் கூப்பிடத் திரும்பினான். திரும்பிய நொடியில் கெல் முயல் மாதிரி ஓடிப் பந்தைப் பிடித்துவிட்டான். அன்றைக்கு ஏழு கோல் அடித்தான். இன்றும் எங்கள் பக்கத்தில் எவனாவது நொண்டினால், "பாத்து, ஏழு கோல் வரும்" என்பார்கள். கோந்து கடைக்குப் போனால் காசு வாங்குகிற பெண்கூட நொண்டிக் காட்டுவாள்.

இந்த வருடம் புதுக் கோச் வந்தார். ஃபோலி. பக்கத்து டவுன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். முதல் வியாழக்கிழமையே பலகையிலிருந்து நீல வில்லைகளை எல்லாம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டார்.

கோந்து பலகையைப் பார்த்தான். "என் ஆள் எங்க?"

"ஆள் கிடையாது. இடம்தான். இந்த வட்டம் உன்னுது" என்று ஃபோலி விரலால் காட்டினார். கோலிலிருந்து முப்பது மீட்டர் முன்னால், யாருமே இல்லாத புல்வெளி அது. "எல்லாரும் அவங்கவங்க இடத்துல நின்னா வலை மாதிரி ஆயிடும். பந்து உள்ளேயே வராது. பின்னால எவன் நிக்கிறான்னு நீ பாக்கவே வேண்டாம்."

அன்றைக்குக் கோந்து சாப்பிடவில்லை. அந்த வருடம் முழுக்க இடைவேளையிலும் வாந்தி எடுத்தான். ஆனால் ஃபோலியின் வலை வேலை செய்தது, அதை மறைக்க முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தோம். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்ற நிலைக்கு வந்தோம். அந்த ஒன்று, டன்கெலோடு.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில். குளிர்காலம் முடிந்தும் நல்ல குளிர். மைதானத்தைச் சுற்றிலும் வேலியோரமாகக் கார்கள். எங்கள் பக்கம் யாரும் கைதட்டுவதில்லை. கோல் விழுந்தால் காரின் ஹாரனை அழுத்துவார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். நானூறு கார் இருக்கும்.

முதல் குவார்ட்டரில் கோந்து தன் வட்டத்தில் நின்றான். இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தான். மூன்றாவதில் வலையை விட்டுவிட்டு நேராகப் போய் கெல்லின் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் விட்ட ஓட்டை வழியாக டன்கெல்காரர்கள் இரண்டு கோல் அடித்தார்கள். ஃபோலி என்னை அனுப்பினார்.

"மேல வரச் சொல்றார்" என்றேன்.

"இவன் பேச மாட்டேங்குறான் ரஸ்."

"நல்லதுதானே. உனக்குக் காதுக்கு ஓய்வு."

"மூச்சு சரியில்ல. ரெண்டு தடவை இழுக்குறான், ஒரு தடவை விடுறான்."

கெல்லைப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்தக் குளிரில் நெற்றியில் வேர்வை. ஆனால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "மத்தியானம் தின்ன மீட் பைல மிளகு ஜாஸ்தி" என்றான்.

நான் கோந்தின் காதில் சொன்னேன்: "ஏழு கோல் ஞாபகம் இருக்கா?"

அவன் முகம் அப்படியே சுருங்கிப்போனது.  என்னிடமிருந்து அந்த வார்த்தை வராமல் இருந்திருந்தால் அவன் அப்போதே அம்பயரைக் கூப்பிட்டிருப்பான்.

மூன்றாவது இடைவேளையில் எல்லோரும் வட்டமாக நின்றோம். ஃபோலி அவனைப் பார்த்தார். "கோந்து, உனக்கு என்ன பயமா?"

"ஆமா" என்றான் கோந்து.

பையன்கள் சிரித்தார்கள். அவன் வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இறுதிக்கு ஒரு குவார்ட்டர் இருக்கும்போது, எதிரணி ஆளுக்கு மூச்சு சரியில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று இவன் சொல்லி, கெல் மறுபடி ஏமாற்றி ஓடிக் கோல் அடித்தால், ஜென்மத்துக்கும் ஊரில் தலை காட்ட முடியாது. அவனுக்காகத்தான் தலையை ஆட்டினேன் என்று அப்போது நினைத்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கடைசிக் குவார்ட்டர். ஏழு நிமிடம் பாக்கி. நாங்கள் ஐந்து புள்ளி முன்னால். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி என்பதால் அவர்களுக்கு ஒன்றே ஒன்று போதும். கோந்து மறுபடியும் கெல் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். ஃபோலி கத்தப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரஸ், போய் ஏன் நிக்கிறான்னு கேளு. அவன் சும்மா நிக்கிற ஆள் இல்ல. எதையோ பாத்திருக்கான். கேட்டுட்டு வா."

ஓடினேன். நூற்றைம்பது மீட்டர். ஓடும்போது எனக்குள் பயம் ஏறியது. நான் கேட்டால் இவன் மூச்சுக் கதையை ஆரம்பிப்பான். அதை நான் சுமந்துகொண்டு போய் ஃபோலியிடம் சொல்ல வேண்டும். அவர் நம்பினால் ஆட்டத்தை நிறுத்துவார். கெல் நடித்திருந்தால், கோந்தை மட்டும் சொல்ல மாட்டார்கள், அந்தச் செய்தியைச் சுமந்து வந்த கிழட்டு ரஸ்ஸையும் சேர்த்துச் சொல்வார்கள். காசு வாங்குகிற பெண் எனக்கும் நொண்டிக் காட்டுவாள். உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவுதான் என் பயம்.

போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "ஃபோலி கடைசியாச் சொல்றார். அவனை விட்டுட்டு மேல வா. இல்லேன்னா பெஞ்சுல வந்து உக்காரு."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, கோச் சொல்லாததைச் சொன்னேன்.

கோந்து என்னைப் பார்த்தான். கெல்லைப் பார்த்தான். கெல் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.  பிறகு கோந்து திரும்பி, தன் வட்டத்தை நோக்கி நடந்தான். நான் அவன் பக்கத்திலேயே போனேன், மறுபடி திரும்பிவிடப் போகிறான் என்று. அதனால் எத்தனை அடி என்பது எனக்குத் தெரியும். ஐந்து.

ஐந்தாவது அடியில் நின்றான். அந்த நேரம் நடு மைதானத்திலிருந்து பந்து உயரக் கிளம்பிவிட்டது. எங்கள் தலைக்கு மேலே கோலை நோக்கி வருகிறது. குதித்து அதைக் குத்தி வெளியே தள்ள வேண்டியது அவன் வேலை. அவன் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். ஓடிப்போய் கெல்லைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

விசில் ஊதியது. ஆளைக் கட்டிப் பிடித்தால் ஃப்ரீ கிக். கோலுக்கு நேரெதிரே, பதினைந்து மீட்டரில், கெல் ட்ரேயருக்கு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். டன்கெல் கார்கள் அத்தனையும் ஹாரனை அழுத்தின.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். கெட்ட வார்த்தை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டுதான் ஓடினேன். கிட்டப் போனபோதுதான் பார்த்தேன்: கெல்லின் கால்கள் தரையில் ஊன்றவில்லை. கோந்துதான் அவனை நிறுத்தி வைத்திருந்தான். மெதுவாகப் புல்லில் சாய்த்தான். கோந்து வாயைத் திறந்து கத்துகிறான், ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஹாரன், ஹாரன், எல்லாப் பக்கமும் ஹாரன். அம்பயர், தன் தீர்ப்பை எதிர்த்து இவன் கத்துகிறான் என்று நினைத்து, வாயை மூடு என்று சைகை காட்டினார். நான் முட்டி போட்டுக் காதைக் கோந்தின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மூச்சு இல்ல ரஸ். மூச்சு இல்ல. பெட்டி. பெட்டியக் கொண்டா."

இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியைச் சொன்னான். கிளப் அறைச் சுவரில், பலகைக்குப் பக்கத்தில் தொங்கும். ஓடினேன். கையை ஆட்டினேன், கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. பச்சைச் சட்டைக்காரன் ஓடினால் யார் கவனிப்பார்கள்? அதுதானே அவன் வேலை. பெஞ்சைத் தாண்டும்போது ஃபோலி எழுந்து கேட்டார்: "என்ன சொன்னான்?" நான் நிற்காமல் ஓடினேன்.

பெட்டியோடு திரும்பியபோது கோந்து கெல்லின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. டன்கெல் பெண்கள் நெட்பால் அணியின் காரினா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், குட்டைப் பாவாடையோடு ஓடிவந்து கெல்லின் ஜெர்சியைப் பெட்டியில் இருந்த கத்தரியால் வெட்டினாள். பெட்டி தானாகப் பேசியது. விலகி நில் என்றது. கெல்லின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. ஒன்றும் இல்லை. கோந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தான். இப்போதுதான் ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி ஹாரனும் நின்ற பிறகு அவன் எண்ணுவது மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. கெல்லின் மனைவி ஜனெல் வேலியைத் தாண்டி வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள், சீக்கிரம் வந்துவிட்டால் தெரிந்துவிடும் என்பது போல.  செத்தால் கொன்றது நான் என்று மட்டும் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு காரினா கையைத் தூக்கினாள். "துடிப்பு இருக்கு" என்றாள்.

நடு மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு கேப்டன்களும் இதற்கு மேல் ஆட முடியாது என்றார்கள். ஐந்து புள்ளி முன்னால் இருந்ததால் போட்டியை நடத்தும் லீக் ஆட்கள் எங்களை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். அதில் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். யாருக்கும் அதில் மனசு இல்லை.

கெல் மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் லாரியை எடுக்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான்காம் நாள் ஃபோலிதான் சொன்னார், முழித்துவிட்டான், முழித்ததும் "என் ஃப்ரீ கிக் என்னாச்சு?" என்று கேட்டான் என்று. நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஊரே கோந்தைக் கொண்டாடியது. எனக்கும் தோளில் நாலு தட்டு, பெட்டி கொண்டுவந்ததற்கு. ஃபோலி கிளப்பில் எல்லோரிடமும், "நான் ரஸ்ஸைக் கேட்டுட்டு வரத்தான் அனுப்பினேன், அதுக்குள்ள கெல் விழுந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் நம்பினார். நான் திருத்தவில்லை. பயம்.

ஆனால் கோந்து ஃபோலியோடு பேச்சை நிறுத்திவிட்டான். கிளப்புக்கே வருவதில்லை. நவம்பர் கடைசியில், அடுத்த வருடமும் ஃபோலியை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய கமிட்டி கூடுவதாக இருந்தது. கோந்து வந்து அவருக்கு எதிராகப் பேசப்போகிறான் என்று மெலிசா என்னிடம் சொன்னாள். "அந்த ஆளு ஒருத்தனைச் சாக விடச் சொன்னாராமே" என்றாள். அவன் பேசி, ஃபோலி பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். வராவிட்டால் அதைவிட மோசம், ஒன்றும் செய்யாத மனிதர் வேலையை இழப்பார்.

கூட்டத்துக்கு முதல் நாள் கோதுமை ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். எனக்குப் பின்னால் பதினைந்து லாரி. மேடையில் கோந்து குழாயோடு நின்றான். வண்டியிலிருந்து இறங்கி மேடையில் ஏறினேன். 

"கெல் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"நேத்துப் பாத்துட்டு வந்தேன். பழைய வாய் திரும்பி வந்துடுச்சு." குழாயைக் கோதுமைக்குள் இறக்கினான். "தூக்கம் வர மாட்டேங்குது ரஸ். கண்ண மூடுனா அந்த அஞ்சு அடிதான். பதினோரு வருஷம், நான் ஒரு அடி நகர்ந்தா பின்னாலேருந்து திட்டுவான். அன்னிக்கு ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். ஒண்ணு, ரெண்டு... திட்டவே இல்ல. அப்பத்தான் திரும்பினேன். இன்னும் ரெண்டு அடி போயிருந்தா பந்தைத்தான் பாத்திருப்பேன். அவனைப் பாத்திருக்க மாட்டேன். விட்டுட்டு வான்னு எப்படிடா அந்த மனுஷன் சொன்னான்?"

"அவர் அப்படிச் சொல்லல."

கோந்து நிமிர்ந்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "நானாச் சொன்னேன்."

"அப்ப அவர் என்ன சொன்னார்?"

"நீ ஏன் நிக்கிறேன்னு கேட்டுட்டு வரச் சொன்னார். நீ எதையோ பாத்திருக்கேன்னு சொன்னார்."

குழாய் கோதுமைக்குள்ளேயே நின்றது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பின்னால் பொறுமை இழந்த லாரிக்காரன் ஒருவன் ஹாரனை நீளமாக அழுத்தினான். எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான் கோந்து.

பிறகு குழாயை உருவி, கோதுமை மணியைத் தட்டில் கொட்டி, மெஷினில் வைத்துப் பார்த்தான். ஈரப்பதம் பதினொன்று புள்ளி இரண்டு என்று சீட்டில் எழுதி, முகம் தெரியாத டிரைவருக்குக் கொடுப்பதுபோல் நீட்டினான்.

"அடுத்த வண்டி" என்றான்.